மறுப்புரை எழுதுவோரும் மூலநூல் நேர்மையும்

முன்னுரை

ஒரு கருத்தை நிலைநாட்டும் நோக்குடன் எழுதப்படும் கட்டுரை, செய்தியை மட்டும் அறிவிக்கும் கட்டுரையினின்றும் வேறானது. அது வாசகரை ஒரு முடிவுக்கு அழைக்கிறது. அம்முடிவை அவர் ஏற்குமாறு அவருடைய அறிவையும் மனத்தையும் அணுகுகிறது. இத்தகைய எழுத்து திருச்சபைக்குப் புதியதன்று. மனிதரை இணங்கச் செய்வது தம் ஊழியத்தின் ஒரு பகுதி என்னும் கருத்தை 2 கொரிந்தியர் 5:11இல் பவுல் வெளியிடுகிறார். ஆகவே, இணங்கச் செய்தல் தகுமா என்பது நம் வினாவன்று. பிறர் நூல்களிலிருந்து சான்று எடுத்து இணங்கச் செய்யும்போது, அந்நூல்களுக்கும் அவற்றின் ஆசிரியர்களுக்கும் நாம் செலுத்தவேண்டிய கடன் யாது என்பதே வினா.

மேற்கோள் என்பது ஒருவகைச் சாட்சியம். ஓர் ஆசிரியரை எடுத்தாளும்போது அவரை நம் வழக்கின் சாட்சியாக நிறுத்துகிறோம். ஆனால் நீதிமன்றச் சாட்சியைப்போல் அவர் எழுந்து, தாம் அவ்வாறு கூறவில்லை என்று மறுக்க இயலாது. பெரும்பாலோர் மறைந்தவர், ஏனையோர் நம் கட்டுரையைக் காணாதவர். ஆகையால் பொய்ச்சாட்சியை விலக்கும் கற்பனை, மேற்கோள் ஆள்வோனை மற்றவரினும் மிகுதியாகக் கட்டுப்படுத்துகிறது. மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் இக்கற்பனைக்குத் தந்த விளக்கம் நினைக்கத்தக்கது. அயலானைப்பற்றிப் பொய் கூறாதிருத்தல் மட்டும் போதாது; அவனுக்காகப் பரிந்து பேசி, அவன் சொற்செயல்களுக்கு இயன்றவரை நல்ல பொருளே கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். நாம் மறுக்க எடுத்துக்கொண்ட ஆசிரியரும் நமக்கு அயலாரே.

இதனை விளக்க நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து ஊழியர்களுக்கு அருகிலேயே தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு.

1. ஏலாக்குறிச்சியும் தரங்கம்பாடியும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே, ஏலாக்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் போற்றும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி இவ்வூரில் தங்கி அருட்பணி ஆற்றினார். 1680இல் இத்தாலியில் பிறந்த இவர் இவ்வூரைத் திருக்காவலூர் என அழைத்து, இதன்மேல் கலம்பகமும் பாடினார். தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், சதுரகராதி ஆகியவற்றால் அவரைப் பலர் அறிவர். அவர் சமயவாத உரைநடை எழுதியவர் என்பதை அறிந்தோர் சிலரே. வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்கள் சீர்திருத்தச் சபையாரை மறுத்து அவர் எழுதியவை.

அவர் மறுத்தது யாரை? கடற்கரையில், டேனியரின் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் பணியாற்றிய லுத்தரன் மிஷனெரிமாரை. 1706இல் சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் அங்கு வந்திறங்கினர். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அங்கு அச்சிடப்பட்டு நிறைவுற்றது. 1719இல் சீகன்பால்கு மறைந்தபின், பெஞ்சமின் சூல்ச் ஐயர் பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1728இல் முடித்தார். அவ்வாண்டிலேயே வேத விளக்கம் எழுந்தது. தரங்கம்பாடியாரின் திருச்சபை பேதகம் என்னும் சிறுநூலுக்கு விடையாகப் பேதகமறுத்தல் எழுதப்பட்டது. தரங்கம்பாடியாருக்கு அச்சகம் இருந்தது. முனிவருக்கோ ஓலையும் எழுத்தாணியும் நிகரற்ற தமிழ்ப் புலமையும் இருந்தன. தமிழ் உரைநடையில் கிறிஸ்தவர் இருசாரார் எழுத்தால் நேருக்குநேர் வாதிட்ட முதற்காலம் இதுவெனலாம்.

இவ்வாதங்களைப்பற்றி எழுதப்புகும் சீர்திருத்தச் சபை மாணவர் ஒருவர் எளிதாகச் சறுக்கக்கூடிய இடங்கள் சில உள. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

2. ஒரு சான்று எதனை நிறுவுகிறது?

தரங்கம்பாடித் திருமறை மொழிபெயர்ப்பின் தமிழை வீரமாமுனிவர் வேத விளக்கத்தில் கடுமையாக எள்ளி நகையாடினார். அதன் நடை கொச்சையானது, கேட்போர் செவிக்கு ஒவ்வாதது என்பது அவர் குற்றச்சாட்டு. யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரன், 1967இல் வெளிவந்த தமிழ் வேதாகம வரலாற்று நூலில் இதனை மறைக்காமல் எடுத்துரைக்கிறார்.

இச்சான்றைக் கையாளும் நேர்மையற்ற முறைகள் இரண்டு. முதலாவது, "வீரமாமுனிவர் திருமறையை இகழ்ந்தார்" என்று எழுதுதல். அவர் இகழ்ந்தது ஒரு மொழிபெயர்ப்பின் தமிழை, திருமறையை அன்று. இவ்விரண்டினுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை விழுங்கிவிட்டால், சொல் ஒவ்வொன்றும் அவருடையதாகவே இருப்பினும் கூற்று பொய்யாகிவிடும். இரண்டாவது முறை மறுசாராருக்கு உரியது. "மொழிபெயர்ப்பின் தமிழ் பிழையானது; ஆகவே அவர்கள் போதனையும் பிழையானது" என்று முடித்தல். தமிழ் பிழையாயிருத்தல் தமிழின் பிழையை மட்டுமே நிறுவும். உபதேசத்தைப்பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை.

நேர்மையான முறை யாது? முதலில், முனிவரின் குற்றச்சாட்டில் உண்மை உளதா என ஆராய்தல். ஆராய்ந்தால், உண்டு என்பதே விடை. அதற்குச் சான்று நம்மவரிடமிருந்தே கிடைக்கிறது. 1740இல் தமிழகம் வந்த பப்பிரிசியஸ் ஐயர் தரங்கம்பாடி மொழிபெயர்ப்பைத் திருத்துவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்; அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. முந்திய நடையில் குறையே இல்லையாயின் இத்துணை உழைப்பு வேண்டியிராது. ஆகவே, "மொழிநடைபற்றிய கண்டனம் பெரிதும் பொருந்தும், உபதேசம்பற்றிய முடிவு அதனின்று பெறப்படாது" என்று நம் மாணவர் எழுதலாம். இவ்வாறு எழுதுவதால் அவர் கட்சி வலுவிழப்பதில்லை. உரியதை உரியவருக்குக் கொடுத்தவர் என்று கண்ட வாசகர், அடுத்து அவர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பார்.

மேலும், முனிவரை மறுத்து எழுதும் நாம் அவரிடம் பட்ட கடனையும் எண்ணவேண்டும். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தி நாம் எழுதும் வரிவடிவம் அவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தின் பயனாகும். அவரை மறுக்கும் கட்டுரையும் அவர் திருத்திய எழுத்திலேயே எழுதப்படுகிறது.

3. தமிழ்மரபு கற்பிப்பது

மூலத்தைக் குறிப்பிடும் ஒழுங்கை மேனாட்டுப் பல்கலைக்கழகங்களே நமக்குக் கற்பித்தன என்று எண்ணுவோர் உளர். இது தவறான எண்ணம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல், சிறப்புப்பாயிரம் தெரிவிக்கவேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயருக்கு அடுத்தபடியாக வழியை வைக்கிறது. ஒரு நூல் எந்நூலின்வழி வந்தது என்பதை வாயிலிலேயே அறிவித்தல் வேண்டும் என்பது பொருள். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாடும் இக்கருத்தின்மேல் எழுந்ததே. தான் வழிநூல் என்பதை ஒப்புக்கொள்ளுதல் எந்நூலுக்கும் இழிவாகக் கருதப்படவில்லை.

நூலாசிரியர் மேற்கொள்ளத்தக்க எழுவகை மதங்களையும் நன்னூல் கூறுகிறது. பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறர் கருத்தோடு படாது தன் கருத்தையே கொள்ளுதல் என்பன அவை. வாதக் கட்டுரை எழுதுவோர் தாம் எழுதும் பத்தி இவ்வேழனுள் எவ்வகையது எனத் தம்மையே கேட்டுக்கொள்வது நல்ல பயிற்சி. உடன்படுவதுபோல் தொடங்கி இடையில் சொல்லாமலே மறுப்புக்கு நழுவும் பத்திகள் நம் கட்டுரைகளில் மலிந்துள்ளன.

சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் மற்றொரு சான்று. அருணந்தி சிவாசாரியார் உலகாயதம் முதலாகப் பிறர் மதங்களை எடுத்துக்கொள்ளும்போது, முதலில் அம்மதத்தார் கூற்றை நிறுத்தி, அதன்பின்னரே மறுப்பைத் தொடங்குகிறார். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையிலும் சமயக்கணக்கர் ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையைத் தாமே உரைக்கக் கேட்கிறோம். எதிராளியின் கட்சியை அவன் வாயாலேயே சொல்லவைத்தல் இம்மண்ணின் மரபு.

வீரமாமுனிவரும் இம்மரபில் நின்றவரே. 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியின் பாயிரத்தில், சூசையப்பரின் வரலாறு ஆகிர்த நகரத்துக் கன்னியாகிய மரியாளின்வழி வந்தது என்பதை அவர் குறிப்பிடுகிறார். ஸ்பெயின் நாட்டு ஆக்ரெதா என்னும் ஊரில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவியே அவர். அத்துறவியின் காட்சிகளை நாம் வரலாற்று ஆதாரமாக ஏற்பதில்லை. ஆயினும், தம் காப்பியம் எங்கிருந்து வந்தது என்பதை முனிவர் ஒளிக்கவில்லை. அவர் வழியைச் சொன்னதாலேயே, அவ்வழி தக்கதா அன்றா என ஆராயும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது.

4. மூலத்தைக் காணாமல் எடுத்தாளுதல்

சறுக்கும் இடங்களுள் மிகப் பெரியது, ஒருவர் நூலைக் காணாமலே அவர் கூறினார் என எழுதுவது. இதற்கு நம் சபை வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு.

தென்னிந்தியத் தெய்வங்களைப்பற்றிச் சீகன்பால்கு 1713இல் ஒரு பெருநூலை எழுதி முடித்தார். தமிழ் நூல்களோடு, தமிழர் தமக்கு எழுதிய மடல்களையும் அவர் சான்றாகப் பயன்படுத்தினார். தாம் மறுக்க வந்த சமயத்தாரையே தம் சமயத்தைப்பற்றிப் பேசச்செய்தது அக்காலத்து மிஷனெரி எழுத்தில் அரிதானதொரு செயல். ஆனால் அந்நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1867இல் ஜெர்மான் ஐயர் அதனைச் சென்னையில் பதிப்பித்தபோது தாமும் சேர்த்தும் மாற்றியும் வெளியிட்டார். 1869இல் மெட்ஸ்கர் ஐயர் ஆங்கிலத்தில் தந்தபோது, அது தாராளமான மொழிபெயர்ப்பு என்றும் புதிய சேர்க்கைகளை உடையது என்றும் முகப்பிலேயே அறிவித்தார். பிற்காலத்தில் பலர் அம்முகப்பைக் கருதாது, உள்ளிருந்த எல்லாவற்றையும் "சீகன்பால்கு கூறுகிறார்" என எடுத்தாண்டனர். மூலக் கையெழுத்துப்படியின் அடிப்படையில் டேனியல் ஜெயராஜ் 2003இல் ஜெர்மானியத்திலும் 2005இல் ஆங்கிலத்திலும் பதிப்புகளை வெளியிட்டபின்னரே, எது சீகன்பால்குவின் சொல், எது நூற்றைம்பது ஆண்டு கழித்து வந்தோர் சொல் எனப் பிரித்தறிய எளிதாயிற்று. இதில் பதிப்பித்தோரையும் மொழிபெயர்த்தோரையும் மட்டும் பழிப்பதில் பயனில்லை. முகப்பைப் படியாமல் மேற்கோள் எடுத்தோர் பொறுப்பே பெரிது.

இரண்டாவது சான்று திருக்குறளைப்பற்றியது. போப் ஐயர் 1886இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் முன்னுரையில், மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறிஸ்தவப் போதகருடன் அளவளாவியதாக ஒரு காட்சியைக் கற்பித்துக் காட்டுகிறார். அதனைக் கற்பனை என்றே அவர் உரைக்கிறார். அத்தகைய சந்திப்பைக் கூறும் கல்வெட்டோ பழஞ்சான்றோ இல்லை. ஆயினும், "போப் நிறுவினார்" என்னும் தொடரை நம் மேடைகளில் கேட்கிறோம். ஓர் ஆசிரியர் "இருக்கலாம்" என்றதை "இருந்தது" என மாற்றுவது, அவர் கூறாததை அவர் வாயில் இடுவதேயாகும். இதனால் விளையும் கேடு சிறிதன்று. குறளை நன்கு கற்ற அயலார் ஒருவர் இக்கூற்றின் அடிப்படையின்மையைக் கண்டால், அதே மேடையில் நாம் கூறும் உயிர்த்தெழுதலின் சாட்சியத்தையும் அவ்வாறே எடைபோடுவார்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு எதிர்த்தரப்பிலிருந்து வருகிறது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் திருமறை மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணைநின்றவர். 1854இல் அவர் சைவதூஷணபரிகாரம் எழுதியபோது, மிஷனெரிமார் சைவ வழிபாட்டில் பழித்தவற்றிற்கு இணையானவை பழைய ஏற்பாட்டிலேயே உள்ளன என்று இடஞ்சுட்டிக் காட்டினார். அவர் முடிவை நாம் ஏற்க இயலாது. ஆனால் மறுக்கும் நூலை நேரில் கற்று, இடம் குறித்து எழுதிய முறை நாம் கற்கவேண்டியது. அவருக்கு விடையளிக்க விரும்பியோர் திருமறையை ஆழ்ந்து திறக்கவேண்டியதாயிற்று.

5. திருமறை காட்டும் இரு வழிகள்

மேற்கோளைத் திரிப்பதன் கொடிய வடிவத்தை மத்தேயு நான்காம் அதிகாரத்தில் காண்கிறோம். சோதனைக்காரன் தேவாலயத்து உப்பரிகையில் 91ஆம் சங்கீதத்தை எடுத்தாளுகிறான். சங்கீதத்தை ஒப்புநோக்கினால், வழிகளிலெல்லாம் காக்கப்படுவதைப்பற்றிய தொடர் அவன் மேற்கோளில் விடுபட்டிருத்தல் விளங்கும். அத்தொடரோ, கடவுளை நம்பி நடப்பவனின் நாள்வழிகளுக்கே அவ்வாக்குறுதி உரியது, தானாகக் கீழே குதிப்பவனுக்கு அன்று எனக் காட்டுவது. அவன் சொன்ன சொற்கள் திருமறையில் உள்ளவையே. விட்ட சொற்களாலேயே அது பொய்யாயிற்று. ஆண்டவரும் வேறொரு திருமறை இடத்தைக் கொண்டே அவனுக்கு விடையளித்தார்.

நல்வழியை அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம் காட்டுகிறது. அத்தேனே பட்டணத்தில் பவுல் கிரேக்கப் புலவரை எடுத்தாளும்போது, அவர் உங்கள் புலவர் என்றே அறிமுகப்படுத்துகிறார். அவ்வடி அராட்டஸ் என்னும் புலவர் சேயுசைப்பற்றிப் பாடிய நூலில் உள்ளது. பவுல் அப்புலவரை மறைமுகக் கிறிஸ்தவராக்கவில்லை. அவர் பாடியதை அவருடையதாகவே விட்டு, அதிலிருந்து தம் வாதத்தைத் தொடர்கிறார். வள்ளுவரையும் சித்தரையும் எடுத்தாள விரும்பும் தமிழ்ப் போதகருக்கு இதனினும் சிறந்த மாதிரி இல்லை. லூக்காவும் தம் சுவிசேஷத்தின் முதல் நான்கு வசனங்களில், தமக்குமுன் எழுதியோர் உண்டென்றும், கண்கூடாகக் கண்டோரிடமிருந்து செய்தி வந்ததென்றும், தாம் அனைத்தையும் திட்டமாய் விசாரித்ததாகவும் தெரிவிக்கிறார். நன்னூலார் வழி என்று கூறியது இதுவே.

6. எழுதுவோர் கைக்கொள்ள வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண், மேற்கோளைப்பற்றி ஒரு பாடம் கற்பிக்கிறது. பண்டைக் கடலின் படிவுகளாகிய இப்பகுதிப் பாறைகளை ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் தொகுதிகளாக வகுத்தார். சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீண்டுகிடக்கும் கல்மரத்தை எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அறிவுலகுக்கு அறிவித்தார். இங்குக் கிடைக்கும் தொல்லுயிர்ச் சிப்பி எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கில் இருந்தது என்னும் குறிப்போடு இருந்தால்தான் நிலவியலாருக்குச் சான்றாகும். குறிப்பை இழந்தது வீட்டு அலமாரியில் வைக்கும் அழகுப் பொருளே. 2020இல் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்னும் செய்தி செல்பேசிகளின்வழி விரைந்து பரவிற்று. அவை அம்மோனைட்டு சார்ந்த படிவங்களே என வல்லுநர் விளக்கியது அவ்வளவு விரைவாகப் பரவவில்லை. மேற்கோளும் இத்தகையதே.

ஆகவே கீழ்க்கண்ட ஒழுங்குகளைக் கைக்கொள்ளல் நலம்.

முதலாவது, பிறர் சொல்லை அப்படியே தருமிடத்து மேற்கோள் குறியிட்டு, நூல், பதிப்பாண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். நம் சொல்லில் சுருக்கித் தருமிடத்து, அது நம் சுருக்கம் என்பது விளங்கவேண்டும். சில சொற்களை மட்டும் மாற்றிவிட்டு நம்முடையதாகக் காட்டுவது இரண்டுமன்று, அது களவு.

இரண்டாவது, இடையில் விட்ட சொற்களுக்குப் புள்ளியிட்டுக் காட்டவேண்டும். விட்டதால் பொருள் மாறுமாயின் விடலாகாது.

மூன்றாவது, மூலம் கைக்கு எட்டாதவிடத்து, எந்நூலின்வழி அறிந்தோமோ அந்நூலைச் சொல்லவேண்டும். சிற்றூர்களில் பணியாற்றும் ஆயர்களுக்குப் பெரிய நூலகம் அருகில் இராது. ஆகவே, "இன்னார் நூலில் எடுத்துக்காட்டியபடி" என எழுதுவதில் வெட்கமில்லை. பழைய தமிழ் நூல்கள் பலவற்றை இன்று இணையத்திலேயே பார்க்க இயலும். ஆதலால் தேடாமல் விடுவதற்குச் சாக்கு குறைந்துவருகிறது.

நான்காவது, சான்றுகள் மாறுபடுமிடத்து மாறுபாட்டைச் சொல்லவேண்டும். வீரமாமுனிவர் மறைந்த ஆண்டு சில நூல்களில் 1742 என்றும் சிலவற்றில் 1747 என்றும் காணப்படுகிறது. வசதியான ஆண்டை எடுத்து மற்றதை மறைப்பது சிறு குற்றமாகத் தோன்றலாம். ஆனால் அப்பழக்கமே பின்னர்ப் பெரிய செய்திகளிலும் தொடரும்.

ஐந்தாவது, நம் முடிவுக்கு எதிரான வலிய சான்றை நாமே வாசகர்முன் வைத்து விடையளிக்கவேண்டும். அதை மறைத்தால் பிறிதொருவர் எடுத்துக்காட்டுவார். அன்று நம் கட்டுரை முழுவதும் ஐயத்துக்குள்ளாகும்.

ஆறாவது, மறுப்புரை எழுதி முடித்தபின், மறுக்கப்பட்ட கட்சியைச் சார்ந்த ஒருவரிடம் அவர் கொள்கையைக் கூறும் பகுதியைப் படித்துக் காட்டலாம். "எங்கள் கருத்து இதுவே, நாங்களும் இவ்வாறே கூறுவோம்" என அவர் ஒப்புக்கொண்டால் மறுப்புக்கு அடித்தளம் உறுதியாயிற்று. கத்தோலிக்கரோ சைவரோ நம் தெருவிலேயே இருக்கையில் இதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை.

முடிவுரை

பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் இந்துக்களும் ஒரே கிணற்றடியில் நீர் மொண்டவர். ஒரே பேருந்தில் செல்பவர். நாம் அச்சிட்டு வழங்கும் துண்டறிக்கை மறுநாளே அடுத்த வீட்டுத் திண்ணையில் படிக்கப்படும். அதில் அவர்கள் நூலைப்பற்றி ஒரு பொய்க் கூற்று இருப்பின், அவர்கள் முதலில் அறிந்துகொள்வது நம் உபதேசத்தை அன்று. நாம் பொய் சொல்வோர் என்பதை. பிறகு எத்தனை கூட்டங்கள் நடத்தினும் அவ்வெண்ணத்தை அகற்றுவது அரிது.

வேத விளக்கமும் திருச்சபை பேதகமும் எழுந்து முந்நூறு ஆண்டுகள் நிறைவுறவிருக்கின்றன. இருசாராரும் அன்று கடுஞ்சொற்களை வழங்கிக்கொண்டனர். அவ்வாதத்தில் நம் முன்னோர் பக்கம் நிற்கும் உரிமை நமக்குண்டு. ஆனால் ஏலாக்குறிச்சியில் எழுதியவரின் சொல்லை அவர் சொன்னபடியே எடுத்துரைக்கும் கடமையும் நமக்குண்டு. மாணவர் ஒருவர் இவ்வாண்டு இப்பொருளில் கட்டுரை எழுத விரும்பினால், முதலில் வேத விளக்கத்தை முழுவதும் படிக்கட்டும். அதில் தமக்கு உடன்பாடானவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். அதன்பின் மறுப்பைத் தொடங்கட்டும்.